என்ஜின் ஆறட்டும்

1

இந்தக் கதை என் சொந்தச் சரக்கல்ல. மாடி வீட்டுத் தையல்காரி எனக்குச் சட்டை அளவெடுக்கும்போது, குண்டூசிகளைப் பல்லில் கடித்தபடி சொன்னது. (பாதிதான் புரிந்தது. மீதியை நான் ஒட்டுப்போட்டிருக்கிறேன்.)

"முதல் கார் என்பது முதல் காதலைப் போல—"

வேண்டாம். படித்தால் கத்தரிக்கோலோடு இறங்கி வருவாள்.

மறுபடி தொடங்குகிறேன். ஓட்டுநர் உரிமம் வாங்கிய கையோடு அவள் கார் தேடினாள். கூட இருக்கும் அக்காவுக்குச் சிறுநீரகம் பழுது. வாரம் மூன்று முறை டயாலிசிஸ். ஒருநாள் வாடகைக் கார் வராமல், அக்கா வாசற்படியிலேயே மூச்சுத் திணறி உட்கார்ந்துவிட்டாள். இனி யாரையும் நம்பிப் பயனில்லை, நாமே ஓட்டுவோம் என்று தங்கை அப்போதே முடிவு செய்தாள். பழைய கார்தான் கட்டுப்படியாகும். ஆனால் அது காலை வாரக் கூடாது.

2

துணைக்கு அக்காவின் கணவர் வந்தார். அத்தானுக்குக் கார் ஓட்டத் தெரியாது; கருத்துச் சொல்லத் தெரியும். (முதலில் அவரைக் கெட்டவராக எழுதிப் பார்த்தேன், ஒட்டவில்லை. நல்ல மனிதர், பளபளப்பைக் கண்டால் மயங்குவார், அவ்வளவுதான்.)

தரகர் காட்டிய சிவப்புக் கார் சாவியைத் தொட்டதும் கிளம்பியது.

"பாத்தியா? வெண்ணெய் மாதிரி ஓடுது!" என்றார் அத்தான்.

அவள் பானட்டில் உள்ளங்கையை வைத்தாள். சுட்டது.

"நாங்க வர்றதுக்கு முன்னாடியே ஓட்டி வெச்சீங்களா?"

"கழுவறதுக்கு லேசா நகத்தினேன்மா," என்றார் தரகர்.

"சரி, ஆஃப் பண்ணுங்க. என்ஜின் ஆறட்டும்."

"மத்தியானம் ஆயிடும்மா."

"ஆகட்டுமே. கையில தையல் இருக்கு."

நாற்காலியை இழுத்துப் போட்டு ஒரு பாவாடைக்கு ஓரம் அடிக்கத் தொடங்கிவிட்டாள். பாவாடை முடிந்தது, என்ஜினும் ஆறியது. சாவியைத் திருப்பினால் இருமியது, முனகியது, கடைசியில் நீலப் புகையைக் கக்கிக்கொண்டு கிளம்பியது. சாவியைத் தரகரிடமே கொடுத்துவிட்டுக் கிளம்பினாள். வழியெல்லாம் அத்தான் அந்தப் புகையைப் பற்றிக் கருத்துச் சொன்னார்.

3

அடுத்தது சாம்பல் நிறக் கார். கதவில் நீளமாய் ஒரு கீறல். ஆறிய என்ஜின் முதல் திருப்பலிலேயே கிளம்பியது. அவள் கூட்டி வந்த மெக்கானிக் காரை ஜாக்கி வைத்துத் தூக்கி அடியில் பார்த்தார். துருவும் இல்லை, கசிவும் இல்லை. இந்தமுறை கூட வந்திருந்த அக்கா ஒருமுறை ஏறி இறங்கினாள்.

"முட்டி மடங்க வசதியாத்தான் இருக்கு. கலர்தான் ஆஸ்பத்திரிச் செவுரு மாதிரி."

"நான் ஓட்டிக் காட்டவா?" என்றார் மெக்கானிக்.

"நாளைக்கு ஓட்டப்போறது நான்தானே? நானே ஓட்டறேன்."

ஓட்டினாள். பாலத்து ஏற்றத்தின் நடுவில் கிளட்சை வெடுக்கென்று விட்டதில் என்ஜின் அணைந்து கார் நின்றுவிட்டது. பின்னால் ஹார்ன் சத்தம் காதைப் பிளந்தது. அவள் கைகள்—

(இங்கே "நடுங்கின" என்று எழுதியிருந்தேன். "நடுங்கினது காலு," என்று அவளே திருத்தினாள்.)

"அவ்ளோ அவசரம்னா பறந்து போகட்டும்டி," என்றாள் பின்சீட்டு அக்கா. "நீ நிதானமா எடு."

ஹேண்ட் பிரேக்கைப் போட்டு மறுபடி ஸ்டார்ட் செய்தாள். பிரேக்கை எடுத்து, கிளட்சை மெல்ல விட்டாள். கார் ஒரு மூச்சுப் பின்வாங்கி, பிறகு ஏறியது. அன்று மாலையே வாங்கிவிட்டாள்.

4

முடிவுக்காக அக்காவைச் சாகடித்துப் பார்த்தேன். கதை கனமாகத்தான் இருந்தது. அப்போது மாடியில் அக்கா எதற்கோ உரக்கச் சிரித்தாள். பக்கத்தைக் கிழித்துவிட்டேன்.

ஆகவே முடிவை உங்களிடம் விடுகிறேன். கார் இப்போது வாரம் மூன்று முறை போய் வருகிறது. நெரிசலில் மாட்டிவிடுங்கள், டயரைப் பஞ்சராக்குங்கள், அத்தானை முன்சீட்டில் ஏற்றிக் கருத்துச் சொல்லவையுங்கள், சமாளித்துக்கொள்வாள். ஸ்டியரிங்கை மட்டும் அவள் கையிலிருந்து வாங்கிவிடாதீர்கள்.