மக்கோரன் கூடாரம்

சுவரொட்டியின் மேல் முனைகளை ஊனா பேருந்து நிறுத்தத்தின் கண்ணாடியோடு சேர்த்துப் பிடித்துக்கொள்ள, டோலினா கீழே குனிந்து ஒட்டுநாடாவைக் கட்டைவிரலால் அழுத்தித் தேய்த்தாள். ஏரியிலிருந்து வந்த காற்று காகிதத்தின் நடுவில் புகுந்து அதைக் கப்பல் பாய்போல் உப்ப வைத்தது. இருவரும் அது அடங்கக் காத்திருந்து மறுபடி ஒட்டினார்கள். அர்ட்னாகில் ஊரின் குலத் திருவிழாவுக்கு விளம்பரம் ஒட்டுவது எப்போதும் அவர்கள் இருவரின் வேலைதான். டோலினா பள்ளிப் பேருந்து ஓட்டி ஓய்வு பெற்றவள். அதே பேருந்தில் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் வேலையில் அவளுக்குப் பின்னால் பல வருடம் உட்கார்ந்து வந்தவள் ஊனா. எந்த வளைவில் எந்தப் பிள்ளை வாந்தி எடுக்கும் என்று சேர்ந்து கணித்து வைத்திருந்தவர்களுக்குள் வயது வித்தியாசம் எப்போதோ காணாமல் போயிருந்தது.

சுவரொட்டியில் கட்டம்போட்ட கில்ட் பாவாடை கட்டிய ஒருவன் நீண்ட மரக்கட்டையைத் தலைக்கு மேல் எறிந்துகொண்டிருந்தான். அவன் காலடியில் பெரிய எழுத்தில், ‘உங்கள் குலத்தார் உங்களுக்காகக் காத்திருக்கிறார்கள்.’ அந்த வாசகம் ஊனா எழுதியது. விழாக் குழுவில் எழுத வருகிறவள் என்று பெயர் எடுத்ததால் விளம்பரம் முழுக்க அவள் தலையில் விழுந்திருந்தது. கனடாவுக்கும் ஆஸ்திரேலியாவுக்கும் மின்னஞ்சல் அனுப்புவதும், உள்ளூர் வானொலியில் போய்ப் பேசுவதும், மழை வராது என்று யாருக்கும் வாக்குக் கொடுக்காமல் அதே சமயம் வரத் தூண்டுவதும் அவள் பாடு.

காருக்குள் ஏறியதும் டோலினா கண்ணாடியை ஏற்றிவிட்டு, "இந்த வருஷமாவது என் கூடாரத்த பியர் கடைக்குப் பக்கத்துல போடாதீங்க. போன தடவ ஒருத்தன் கழிப்பறைன்னு நெனச்சு நேரா உள்ள வந்துட்டான்" என்றாள்.

ஊனா சிரிக்க முயன்றாள். விழாக் குழுக் கூட்டம் முடிந்ததிலிருந்தே அவள் தேடிக்கொண்டிருந்த தருணம் இது. தேடினாள் என்பதைவிடத் தள்ளிப்போட்டாள் என்பதே சரி. மக்கோரன் குலம் என்று இந்தப் பக்கத்தில் மிஞ்சியது டோலினா ஒருத்திதான். விழாவில் குலத்துக்கு ஒரு கூடாரம் உண்டு; முன்பு மக்கோரன் கூடாரத்தில் அவள் அண்ணன் அலஸ்டர் உட்காருவான். அவன் இறந்த பிறகு இவள் உட்கார்ந்தாள். ஒரு மேசை, தேநீர்க் குடுவை, ஷார்ட்பிரெட் பிஸ்கட் டப்பா, வருகிறவர்கள் தங்கள் ஊரைக் குத்திக் காட்ட ஓர் உலக வரைபடம், பக்கத்தில் ஊசிகள். வரைபடத்தில் இன்றுவரை ஒரே ஓர் ஊசி, டாஸ்மேனியாவில். அதைக் குத்தியவரும் பேரைத் தப்பாகப் படித்து நுழைந்தவர். தவறு தெரிந்த பிறகும் நாகரிகத்துக்காக இரண்டு கோப்பைத் தேநீர் குடித்து, ஊசியையும் குத்திவிட்டுப் போனார்.

"டோலி, இந்த வருஷம் உனக்குக் கூடாரம் இல்ல."

டோலினா வளைவுக்காகக் கியரை மாற்றினாள். ஊனா தொடர்ந்து பேசினாள். கனடாவின் நோவா ஸ்கோஷியாவிலிருந்து மக்லீன் குலத்தார் பெரிய கூட்டமாக வருகிறார்கள், அவர்களுக்கு இரட்டைக் கூடாரம் வேண்டும், மைதானத்தில் அதற்கு அந்தக் கடைசி மூலையை விட்டால் இடமில்லை. இரண்டு வருடமாக மழை விழாவைக் கெடுத்துவிட்டது. இந்த வருடமும் ஆள் வராவிட்டால் அடுத்த வருடம் விழா என்று ஒன்றே இருக்காது. எல்லாம் உண்மைதான். ஆனால் உண்மையை இவ்வளவு வேகமாகச் சொன்னால் அது பொய் மாதிரியே இருக்கிறது என்று பேசும்போதே அவளுக்குத் தோன்றியது.

"கூட்டத்துல நீ என்ன சொன்ன?"

"நான் ஒண்ணும் சொல்லல."

"ம்."

அடுத்த நிறுத்தத்தில் டோலினா தானே சுருளிலிருந்து ஒரு சுவரொட்டியை உருவிக்கொண்டு இறங்கினாள். இந்த முறை ஊனாவைப் பிடிக்கவிடவில்லை. முழங்கையால் காகிதத்தை அணைத்துக்கொண்டு நான்கு முனையும் நேராக ஒட்டினாள். பிறகு ஓரடி பின்னால் வந்து, ஏதோ முதல் தடவை பார்ப்பதுபோல அதை வாசித்தாள்.

"யாரு காத்திருக்காங்களாம்?" என்றாள். "உன் மேல கோவம் இல்ல புள்ள. நீ கிளாஸ்கோ பட்டணத்துக்காரி. உனக்குக் குலம் கோத்திரம் ஒண்ணும் கெடையாது. உனக்கு இது காகிதத்துல எழுதற வார்த்த, அவ்வளவுதான்."

அதைச் சாதாரணமாகத்தான் சொன்னாள். பேருந்தில் ஒரு பிள்ளையைப் பார்த்து உன் காலணி நாடா அவிழ்ந்திருக்கிறது என்று சொல்லும் அதே குரல். மீதியிருந்த நிறுத்தங்கள் அத்தனையிலும் இருவரும் சேர்ந்தே ஒட்டினார்கள். வீட்டு வாசலில் ஊனாவை இறக்கிவிட்டபோது டோலினா வழக்கம்போல இரண்டு தடவை ஹாரன் அடித்துவிட்டுத்தான் போனாள். கோபித்துக்கொண்டு அடிக்காமல் போயிருந்தால் ஊனாவுக்கு மனது லேசாகியிருக்கும்.

அதன் பிறகு வந்த வாரங்களில் டோலினா கூப்பிடவில்லை. ஊனாவும் கூப்பிடவில்லை. மக்லீன்கள் தினம் ஒரு மின்னஞ்சல் அனுப்பினார்கள். தங்கள் குலத்தலைவருக்குச் சாய்வு நாற்காலி கிடைக்குமா, பேக்பைப் இசை எத்தனை மணிக்கு நிற்கும், இரண்டு பேருக்குக் கோதுமை ஒத்துக்கொள்ளாது. ஊனா எல்லாவற்றுக்கும் பதில் எழுதினாள். வானொலிக்காரப் பெண் இந்த விழாவின் சிறப்பு என்ன என்று கேட்டபோது, யாராக இருந்தாலும் இங்கே வந்தால் அவர்களுக்கென்று ஓர் இடம் உண்டு என்று சொல்ல வாயெடுத்தவள், அப்படியே நிறுத்தி, இந்த வருடம் கழிப்பறை வசதியை அதிகப்படுத்தியிருக்கிறோம் என்றாள். அதைக் கேட்ட அவள் கணவன் ருவாரி இரண்டு நாள் சிரித்தான்.

கடைசியில் அவள் டோலினாவின் கூடாரத்தைப் பற்றிப் பேச விழாத் தலைவர் ஃபர்க்கரைப் போய்ப் பார்த்தாள். அவர் கால்நடை மருத்துவர். ஆட்டுக்கிடை ஓரத்தில் நின்றபடி, கைகளைக் கழுவிக்கொண்டே பொறுமையாகக் கேட்டார்.

"எனக்கும் டோலினாவப் புடிக்கும் ஊனா. ஆனா வர்ற சனம் என்ன பாக்குது? ஒரு மேசை, ஒரு நாற்காலி, ஒரு பொம்பள. பாக்கறவங்களுக்கே மனசு சங்கடமாப் போயிடுது" என்றார். பிறகு துண்டால் கையைத் துடைத்துக்கொண்டு, "டோலினாவே போன் பண்ணிட்டாங்க. கார் நிறுத்துற வயல எனக்குக் குடுங்க, உங்க பசங்க போன வருஷம் டிராக்டருக்கே வழி விடாம அடச்சு வச்சாங்கன்னு சொன்னாங்க. நான் சரின்னுட்டேன்" என்றார்.

விழா நாள் காலையில் மழை வருவதுபோல் மிரட்டிவிட்டு விலகியது. வெயிலும் இல்லை, ஈரமும் இல்லை, பூச்சிகள் மட்டும் காதைச் சுற்றின. பத்து மணிக்கெல்லாம் சாலையில் கார்கள் வால்போல் நீண்டுவிட்டன. ஊனாவுக்கு விசாரணைக் கூடாரத்தில் தலை நிமிர நேரமில்லை. மக்லீன்கள் இரண்டு பேருந்துகளில் வந்து இறங்கினார்கள். எல்லோரும் நல்லவர்கள். ஒரு முதியவர் மண்ணைத் தொட்டுப் பார்த்து அழுதார். அவருக்கு நாற்காலி கொண்டுவந்து போட்ட ஊனாவுக்கும் கண் கலங்கியது. அவர்களுடைய இரட்டைக் கூடாரத்தில் சிரிப்பும் பேச்சுமாக இருந்தது. ஃபர்க்கர் சொன்னது சரிதான், பார்க்க நன்றாகத்தான் இருந்தது.

குலங்கள் கொடியேந்தி நடக்கும் அணிவகுப்புக்குக் கொஞ்ச நேரம் முன்பு பெயர் வரிசையைத் தட்டச்சு செய்த தாளை அவள் ஃபர்க்கரிடம் கொடுத்தாள். அவர்தான் ஒலிபெருக்கியில் வாசிப்பார். கொடுத்துவிட்டுத் திரும்பியவள், கூடாரத்துக்குப் போகாமல் வேலியைச் சுற்றிக்கொண்டு கார் வயலுக்கு நடந்தாள். நடையை ஓட்டமாக்கிக்கொண்டபோதுதான் தான் என்ன செய்யப்போகிறோம் என்பதே அவளுக்குத் தெரிந்தது.

டோலினா மஞ்சள் மேல்சட்டையும் ரப்பர் காலணியுமாக வயலின் வாயிலில் நின்றிருந்தாள். கார்கள் கோடு கிழித்தாற்போல் வரிசையாக நின்றன. ஒரு கையை மட்டும் அசைத்து அவள் ஒரு பெரிய வேனைப் பின்பக்கமாக நுழைத்துக்கொண்டிருந்தாள்.

"அணிவகுப்புக்குப் போ டோலி. இத நான் பாத்துக்கறேன்" என்றாள் ஊனா, மூச்சு வாங்க.

"உனக்கு சைக்கிளையே ஒழுங்கா நிறுத்தத் தெரியாதே."

"போ. கூடாரந்தான் இல்ல. நடக்க வேணாம்னு யாரும் சொல்லல."

டோலினா வேன் நிற்கும்வரை அதைவிட்டுக் கண்ணை எடுக்கவில்லை. பிறகு, "மைக்ல பேரு வருமா?" என்று கேட்டாள்.

"தாள்ல இல்ல. நான் எழுதல" என்றாள் ஊனா. கைப்பேசியில் ஃபர்க்கரை அழைத்தாள். மணி அடித்துக்கொண்டே இருந்தது. "எடுக்க மாட்டேங்கறார். வருமான்னு தெரியாது டோலி."

டோலினா மேல்சட்டையைக் கழற்றி ஊனாவின் கையில் கொடுத்தாள். தன் காரின் பின்கதவைத் திறந்து, போர்வையில் சுற்றிவைத்திருந்த மக்கோரன் குலத்தின் பச்சைக் கொடியை வெளியே எடுத்தாள். விழாவுக்குக் கார் நிறுத்த வந்தவள் அதை எதற்குக் கொண்டுவந்தாள் என்று ஊனா கேட்கவில்லை.

"சிவப்பு கார் ஒண்ணு வரும். கெழவனுக்கு முழங்கால் சரியில்ல. வாசல் பக்கத்துல இடம் வச்சிருக்கேன், வேற யாருக்கும் குடுத்துடாத" என்று சொல்லிவிட்டு, கொடிக்கம்பைத் தோளில் சாய்த்துக்கொண்டு ரப்பர் காலணியோடு வேலியோரமாக நடந்தாள்.

ஊனா மேல்சட்டையை மாட்டிக்கொண்டாள். அது தொளதொளத்தது. அவள் கை காட்டிய முதல் கார் தப்பான வரிசையில் போய் நின்றது, இரண்டாவது அதன் பின்னாலேயே போய் அதை மறித்தது. யாரோ ஹாரன் அடித்தார்கள். அதற்குள் மைதானத்தில் பேக்பைப்கள் எழுந்தன. வயலுக்கும் மைதானத்துக்கும் நடுவே ஆளுயரக் கல்சுவர். இங்கிருந்து நடக்கிறவர்கள் தெரியமாட்டார்கள், கொடிகளின் மேல்பாகம் மட்டும் சுவருக்கு மேலே மிதந்து போகும். ஃபர்க்கரின் குரல் ஒவ்வொரு பெயராகக் கூப்பிட்டது. பாதியைக் காற்று கொண்டுபோனது. ஒவ்வொரு பெயருக்கும் கைதட்டல். மக்லீன்களின் முறை வந்தபோது கொடிகள் ஒன்றன்பின் ஒன்றாக வந்துகொண்டேயிருந்தன, கைதட்டலும் ஓயவேயில்லை.

பிறகு சுவருக்கு மேலே வெறும் வானம். தாளில் இருந்த கடைசிப் பெயர் அதுதான். தாமதமாகிவிட்டது என்று அவள் நினைத்தாள். டோலி பாதியிலேயே நின்றிருப்பாள், திரும்பியிருப்பாள்.

ஒரு சிவப்பு கார் வந்து அவள் பக்கத்தில் நின்றது. கண்ணாடி இறங்கியது. எங்கே நிறுத்த வேண்டும் என்று உள்ளேயிருந்த முதியவர் கேட்டார். அப்போது சுவரின் ஓரத்தில், வெளுத்துப்போன குறுகலான ஒரு பச்சைத் துணி எழும்பியது. முன்னே போனவற்றுக்கும் அதற்கும் இடையே நீண்ட இடைவெளி. காற்றில் ஒரு பக்கமாகச் சாய்ந்து, நிமிர்ந்து, அவசரமே இல்லாமல் அது வந்துகொண்டிருந்தது. கைதட்டல் இல்லை. பேக்பைப்கள் மட்டும் ஒலித்தன. ஒலிபெருக்கி கரகரத்தது, யாரோ பேசுவதற்கு முன் மூச்சை இழுப்பதுபோல.

ஊனா காரைப் பார்க்காமலே, கொஞ்சம் பொறுங்கள் என்று கையை உயர்த்தினாள்.