பத்து கேவிஏ பிரதிஷ்டை

ஞானையன் சார் சபைச் செயலாளர். அதனால் ஜெனரேட்டரைப் பற்றியும் அவருக்குத் தெரிந்திருந்தது. ஆலயத்துக்கு ஜெனரேட்டர் வாங்கிய கமிட்டிக்கு இரண்டு வருடம் முன்பு தலைமை தாங்கியவர் அவர்தான். அதற்குப் பிறகு திருவட்டாறு சுற்றுவட்டாரத்தில் மிக்ஸி வாங்குகிறவர்கள்கூட அவரிடம் ஒரு வார்த்தை கேட்காமல் வாங்கியதில்லை. கேட்காதவர்கள் வீட்டுக்கு அவரே போய்ச் சொன்னார்.

பூங்கனி கேட்டாள். கேட்கச் சொன்னது துபாயில் இருக்கும் மகன் ரிஜோ. அவளுடைய கணவர் சத்தியநேசனுக்கு நுரையீரல் கெட்டு ஒரு வருடமாகிறது. காற்றிலிருந்து ஆக்சிஜனைப் பிரித்துத் தரும் மிஷின் ஒன்று அவர் கட்டிலருகே இரவும் பகலும் ஓடுகிறது. அது நின்றால் என்ன ஆகும் என்பதை அந்த வீட்டில் யாரும் வாய்விட்டுச் சொல்வதில்லை. மழைக்காலத்தில் ரப்பர் மரம் விழாத நாளில்லை. மரம் விழுந்தால் கரண்டு இல்லை.

வீட்டில் கரண்டு தின்னும் சாமான் எல்லாவற்றையும் ஒரு தாளில் எழுதச் சொன்னார் சார். மிஷினின் முதுகில் ஒட்டியிருந்த சீட்டைப் பார்த்து, ‘அவருக்க மிஷின் – 350 வாட்ஸ்’ என்று முதல் வரியில் எழுதினாள் பூங்கனி. ஃபேன், லைட், ஃபிரிட்ஜ் என்று கீழே சேர்த்தாள். சார் தாளை வாங்கி மூன்று ஏசி, கிணற்று மோட்டார், கீசர், வாஷிங் மெஷின் என்று மேலிருந்து திருத்தி எழுதினார். சத்தியநேசனின் மூச்சு பதினோராவது வரிக்குப் போயிற்று.

“மாடிக்கு லிஃப்ட் வைக்கணும்னு ஒரு எண்ணம் உண்டு சார்” என்றான் ரிஜோ, வீடியோ காலில்.

“அப்பம் பத்து கேவிஏ பவர் வேணும். அதுக்குக் கொறஞ்சா வீட்டுக்கு மரியாத இல்ல.”

“ஆலயத்துல எவ்வளவு சார்?”

“ஏழர” என்றார் சார். சற்று யோசித்து, “நீ பத்து எடு மக்கா. ஆண்டவரு கோவிக்க மாட்டாரு” என்றார்.

கிரேன் வைத்து இறக்கினார்கள். பச்சைப் பெட்டிக்குள், எருமை மாடு படுத்த கணக்கில் வீட்டு முன்பக்கம் அது உட்கார்ந்தது. பின்பக்கம் வைத்தால் யார் பார்ப்பார்கள்? போதகர் ஐயா வந்து ரிப்பன் வெட்டி ஜெபம் பண்ணினார். பழமும் கேக்கும் கொடுத்தார்கள். கறுப்புக் கல்லில் ‘தகப்பனாரின் சுகத்திற்காக ரிஜோ சத்தியநேசன் அன்பளிப்பு’ என்று வெட்டிப் பதித்திருந்தது. சொந்த வீட்டுக்கே அன்பளிப்புக் கொடுத்து அதைக் கல்லிலும் வெட்டியவன் அந்த வட்டாரத்தில் அவன்தான் முதல். அன்று சாரே சாவியைத் திருப்பி ஓட்டிக் காட்டினார். எல்லோரும் கைதட்டினார்கள்.

பிறகு இரண்டு மாதம் அதை யாரும் தொடவில்லை.

ஆனி மாதம் ஒரு பகல், பதினொன்றரை மணிக்கு, கரண்டு போயிற்று. கரண்டு இல்லையென்று மிஷின் கூவத் தொடங்கியது. பூங்கனி ஓடிப்போய் சாவியைத் திருப்பினாள். உள்ளே ‘டக்’ என்று ஒரு சத்தம். மறுபடியும் திருப்பினாள். அதுவும் இல்லை. ஓடாமல் கிடந்த பாட்டரி செத்திருந்தது.

அவசரத்துக்கென்று இருந்த சின்ன சிலிண்டரைத் திறந்து குழாயை மாற்றினாள். சாருக்கு போன் செய்தாள். அவர் கருங்கல் ஊரில் ஒரு கல்யாணப் பந்தியில் இருந்தார்.

“சாவிய வலத்தோட்டுத் திருப்பு பூங்கனி.”

“திருப்பினேன் சார். பாட்டரி இல்ல.”

“அது எப்பிடி இல்லாம இருக்கும்? நான் பாத்து எடுத்ததாக்கும்.”

அவள் போனைக் கட்டிலில் போட்டாள். அதற்குள்ளிருந்து சார் பேசிக்கொண்டேயிருந்தார். சத்தியநேசனின் விரலில் மாட்டியிருந்த, ஆக்சிஜன் அளவு பார்க்கும் கிளிப் எண்பத்துநாலு காட்டியது. நகம் நீலமாகிவிட்டது. அவருக்குப் பேசக் காற்றில்லை. அவளையே பார்த்துக்கொண்டிருந்தார். சிலிண்டரின் முள் இறங்கி இறங்கிச் சிவப்பைத் தொட்டபோது, இரண்டு மணி நேரத்துக்குப் பிறகு, கரண்டு வந்தது.

அவள் குழாயை மறுபடி மிஷினுக்கு மாற்றினாள்.

மறுநாள் பக்கத்து வீட்டு பிளஸ்ஸியை அவரருகே உட்கார வைத்துவிட்டு, பஸ் ஏறி மார்த்தாண்டம் போனாள். யாரிடமும் சொல்லவில்லை. ஜெனரேட்டர் கடையில் சுபிதா என்று முப்பத்தைந்து வயதுக்காரி ஒருத்தி கையில் ஸ்பேனரோடு நின்றாள். முதலாளியும் மெக்கானிக்கும் அவளே.

“எத்தன கேவிஏ அம்மா பாக்கிய?”

“தெரியாது மக்களே. பத்து ஒண்ணு வீட்டுல கெடக்கு.”

“பத்தா? பின்ன எதுக்கு இங்க வந்திய?”

பூங்கனி சொன்னாள். சுபிதா ஸ்பேனரைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டாள்.

“கரண்டு போச்சுன்னா எது நிக்கப்படாது?”

“அவருக்க மிஷின்.”

“வேற?”

“வேற எது நின்னாலும் எனக்குக் கொழப்பமில்ல.”

“வீட்டுல ஓட்டுகதுக்கு ஆளு யாரு?”

“நான்தான்.”

ஞானையன் சாரின் தாளில் அப்படியொரு வரி இல்லை.

மூன்று கேவிஏ ஒன்றைக் காட்டி, கயிற்றை இழுக்கச் சொன்னாள் சுபிதா. பூங்கனி இழுத்தாள். பாதியில் கயிறு நின்றது, தோளில் சுரீரென்றது. “அது வேண்டாம்” என்று சுபிதா சின்னதாக ஒன்றைத் தள்ளிக்கொண்டு வந்தாள். இரண்டு கேவிஏ. பாட்டரியே கிடையாது. பெட்ரோல் ஊற்றிக் கயிற்றை இழுக்க வேண்டியதுதான். மூன்றாம் இழுப்பில் அது பிடித்தது.

“மிஷினு, ஒரு ஃபேன், ரெண்டு லைட்டு, ஃபிரிட்ஜ். இவ்வளவுந்தான் எடுக்கும். கிணத்து மோட்டார் ஸ்டார்ட் ஆவும்போ மூணு மடங்கு இழுக்கும், அதுல கை வைக்கப்படாது.”

“கிணத்துல வாளி கெடக்கு.”

“பொக வீட்டுக்குள்ள வரப்படாது, கேட்டியளா? சன்னல் பக்கமும் வைக்கப்படாது. அவருக்கு ஏற்கனவே மூச்சில்ல. வாராவாரம் அஞ்சு நிமிசம் சும்மா ஓட்டணும்.”

பூங்கனி அதை அணைத்தாள். மறுபடி இழுத்தாள். பிறகு இடது கையால் இழுத்தாள்.

“அது எதுக்கு?”

“ஒரு கையி வலிச்சா மறு கையி வேணும்லா.”

சுபிதா சிரிக்கவில்லை. ஆறு தடவை இழுத்துப் பார்க்கும்வரை பொறுமையாக நின்றாள்.

சாயங்காலம், அது வீட்டில் வந்து இறங்கியதைக் கேள்விப்பட்டு ரிஜோ கூப்பிட்டான். “எனக்கு நாணக்கேடாட்டு இருக்கு அம்மா. இருக்க வேண்டியது இருக்கும்போ தையல் மெஷின் கணக்கா ஒண்ணு... ஆளு பாத்தா என்ன சொல்லும்?”

“முன்னால இருக்கத ஆளு பாக்கட்டு மக்கா. இது பின்னாலதான் இருக்கும்.”

பின்னால் தள்ளியிருந்த விறகுப்புரையில், மழை படாத மூலையில் அதை வைத்து, நீள வயர் ஒன்றைக் கட்டில்வரை இழுத்தாள். சனிக்கிழமைதோறும் ஐந்து நிமிடம் ஓட்டினாள்.

ஆடியில், ஒரு காலை பத்து மணிக்குப் பெருமழையில் கரண்டு போயிற்று. முதல் இழுப்பில் வரவில்லை. இரண்டாவதிலும் வரவில்லை. கை மாற்றி இழுத்தாள், பிடித்தது. உள்ளே வந்தபோது மிஷின் கூவலை நிறுத்தியிருந்தது. விரலில் எண்பத்தாறு. அவள் கட்டில் சட்டத்தில் உட்கார்ந்து அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். எண்பத்தெட்டு. தொண்ணூறு. தொண்ணூற்றொன்றில் சத்தியநேசன் கண்ணை மூடினார்.

மழை இருட்டில் ஊர் முழுக்க லைட் இல்லாமல் கிடக்க, அந்த வீட்டில் மட்டும் லைட் எரிவதைப் பார்த்து ஞானையன் சார் குடையோடு ஏறி வந்தார். முன்பக்கத்துப் பச்சைப் பெட்டி ஓசையில்லாமல் நின்றது. அவருக்கு அது பொறுக்கவில்லை.

“பத்து கேவிஏ இருக்கும்போ எதுக்கு பூங்கனி பின்னால இந்தக் கடகட? நான் அண்ணைக்கே படிச்சுப் படிச்சுச் சொன்னேன்...”

“சார், சத்தம் போடாதீங்க” என்றாள் பூங்கனி. “அவரு ஒறங்குதாரு.”