சாமல்பட்டி டிப்போவின் வரிசை

சாமல்பட்டி ரயில் நிலையத்தை ஒட்டிய பழைய கூலி டிப்போவின் வடக்கு வாசலில் நுழைந்த அருள்மேரி, தெற்கு வாசல் வழியாக வெளியே வர நாற்பது மணி நேரம் ஆனது. கட்டடத்தின் நீளம் அறுபது அடி. உள்ளே யாரும் இல்லை.

இலங்கைத் தேயிலைத் தோட்டங்களுக்கு ஆள் எடுத்த காலத்தில் அங்கே நின்ற வரிசை இன்னும் கலையவில்லை. ஆட்கள் போய்விட்டார்கள், டிப்போவை மூடி முப்பது வருடம் ஆகிறது, வரிசை மட்டும் இருக்கிறது. உள்ளே போகிறவர் தன் முறைப்படிதான் நகர முடியும். நிழலுக்கு ஒதுங்கிய ஆடுகள் இரண்டு நாள் கழித்து மெலிந்து வெளியே வந்தன. கட்டடத்தை அளக்கப் போன ஒரு சர்வேயரும் சங்கிலியோடு நின்றார். வரிசையின் முடிவில், முன்பு எழுத்தர் மேசை கிடந்த இடத்தை அடைந்ததும், அவரவர் குடும்பத்தில் முதலில் கப்பலேறியவர் அன்று சொன்ன பதில் அவரவர் வாயிலிருந்து வரும். ஆகவே இலங்கையிலிருந்து திரும்பிவந்து நிலத்தில் பங்கு கேட்பவர்களை முதலில் டிப்போவுக்கு அனுப்புவது சுற்றுவட்டாரத்தில் வழக்கமாயிற்று.

அருள்மேரியின் அப்பா சவரியப்பன் 1968இல் மகளோடு ராமேஸ்வரத்தில் இறங்கினார். மண்டபம் முகாமில் கொடுத்த சீட்டில் தகப்பன் பெயர் ராயப்பன், ஊர் பாகலூர் என்று இருந்தது. பாகலூரில் ராயப்பனின் தம்பி மனைவி பவுலினா உயிரோடு இருந்தாள். ராயப்பனின் பங்கு இரண்டு ஏக்கர். அதைவிட்டால் அப்பாவுக்கும் மகளுக்கும் போக்கிடம் இல்லை. “சீட்டு யாரு வேணா எழுதிக் குடுப்பாங்க. டிப்போவுல ஒருக்கா நின்னுட்டு வாங்க” என்றாள் பவுலினா. சவரியப்பன் கால் வலி என்றார். மகள் நின்றாள்.

பக்கத்து ரயில்வே கேட்மேன் மனைவி கெம்பம்மா ஜன்னல் கம்பி வழியாக இட்லி கொடுத்தாள்.

“எத்தினியாவது ஆளு நீயி?”

“தெரியலக்கா. முன்னுக்கு யாரோ நிக்கிறாங்க.”

“நிப்பாங்க. தள்ளாத. போன வாரம் ஒருத்தன் தள்ளிப்புட்டு முதல்லேர்ந்து நின்னான்.”

முன்னால் வெறும் தரைதான் தெரிந்தது. ஆனால் வெயிலில் நடந்து வந்த ஒரு முதுகின் சூடு அவள் முகத்தில் பட்டுக்கொண்டே இருந்தது. மணிக்கு ஒன்றரை அடி என்று கணக்கிட்டாள். கணக்கு சரியாக வந்தது, வேறெதுவும் விளங்கவில்லை. மேசை இருந்த இடத்துக்கு வந்ததும் அவள் வாயிலிருந்து ஓர் இளம்பெண்ணின் குரல் கன்னடத்தில் மூன்று வாக்கியம் பேசியது. அவள் வீட்டில் யாரும் கன்னடம் பேசியதில்லை. ராயப்பன், பாகலூர் என்ற இரண்டு சொற்கள் மட்டுமே அவளுக்குப் பிடிபட்டன. முன்னால் இருந்த சூடு அப்போது அவள் பக்கம் திரும்பியது.

“நான் என்னக்கா சொன்னேன்?”

கன்னடம் தெரிந்த கெம்பம்மா சட்னிக் கரண்டியைக் கீழே வைத்தாள். “உங்கப்பன கேளு தாயி.”

வெளியே காத்திருந்த அப்பா கெம்பம்மாவிடம் விவரம் கேட்டுவிட்டு, பஸ்ஸுக்கு நேரமாச்சு என்றார். பஸ்ஸில் அருள்மேரி, நாம் கன்னடக்காரர்களா, பாகலூர் நம் ஊர்தானா, என்னை யார் பேசவைத்தது என்று ஒவ்வொன்றாகக் கேட்டாள். குந்தாரப்பள்ளி சந்தைக் கூட்டத்தில் பஸ் அரை மணி நேரம் நின்றது. அப்பா குரலைத் தாழ்த்தினார். “நீ சொன்னதக் காதுல கேட்டது அந்தக் கெம்பம்மா ஒருத்திதான். அவ சாமல்பட்டியிலதானே இருக்கா” என்றார்.

பாகலூரில் பவுலினா அதற்குள் பங்கு பிரித்து நிலத்தின் நடுவே வரப்பு போடச் செய்திருந்தாள்.

“எங்க பெரியவரு பேரு வந்துச்சா கண்ணு?”

“ராயப்பன்னு வந்துச்சு. பாகலூருன்னும் வந்துச்சு” என்றாள் அருள்மேரி. அது உண்மை.

“அப்புறம் என்ன. கை கழுவிட்டு வா சவரி, களி ஆறுது. கேப்பைய எப்ப வெதைக்கிறதுன்னு சாப்பிட்டுப் பேசலாம்.”

சவரியப்பன் உட்காரவில்லை. அதுவரை சின்னம்மா என்றே கூப்பிட்டு வந்தவர், இப்போது அம்மா என்றார்.

“பேரு வந்தது நெசந்தான் அம்மா. ஒத்தப் பொம்பளைன்னு எங்கம்மாவ ரயில்ல ஏத்தமாட்டோம்னு சொல்லிட்டாங்களாம். நான் அப்ப வயித்துல இருந்தேன். வரிசையில முன்னுக்கு நின்ன உங்க பெரியவரு, ‘புருஷன்னு எம் பேர எழுதிக்கிங்க’ன்னாராம். அவரு எங்கப்பா இல்ல.”