டாக்டரம்மாவின் கார்

எர்சிலியா வெள்ளைக் கோட்டை மடித்துப் பின் சீட்டில் வைத்தாள். அவசரத்தில் வீசிவிட்டுப் போனதுபோல் இருக்க வேண்டும் என்பது ராடமேஸின் உத்தரவு. அதனால் எடுத்து உதறி, கொஞ்சம் கசங்கலாக மறுபடி போட்டாள். கண்ணாடியில் ஜெபமாலை, கதவுப் பையில் கைக்குத் தடவும் கிரீம், முன்பக்கம் ஒரு டிஷ்யூ பெட்டி. எல்லாம் வழக்கமான சாமான்கள்தான். எத்தனை கார்களில் இவற்றை வைத்து வைத்து எடுத்திருப்பாளோ, அவளுக்கே நினைவில்லை. லா வேகா ஊரில் பழைய கார் வாங்க வருகிறவர்கள் இஞ்சினைத் திறந்து பார்ப்பதற்கு முன்னால் கேட்கிற கேள்வி ஒன்றே ஒன்று: யார் ஓட்டின வண்டி? பொம்பளை ஓட்டினது என்றால் முகம் மலர்ந்துவிடும். டாக்டரம்மா ஓட்டினது, வீட்டையும் ஆஸ்பத்திரியையும் தவிர வேறெங்கும் போகாதது என்றால் பேரம் பாதி அடங்கிப்போகும். ஆகவே ராடமேஸின் கார் விற்கும் முற்றத்தில் எப்போதும் ஒரு டாக்டரம்மா தேவைப்பட்டாள்; அந்த வேஷம் எர்சிலியாவுடையது.

ராடமேஸ் அவளுக்குக் கொழுந்தன். அவனுடைய அண்ணன், அதாவது எர்சிலியாவின் புருஷன், பாஸ்டனுக்குப் போனவர். முதலில் பணம் அனுப்பினார், பிறகு வாழ்த்து அனுப்பினார், பிறகு அதுவும் நின்றுபோயிற்று. கொழுந்தன் தன் ஆபீசுக்கு மேலே இருந்த அறையை வாடகையில்லாமல் கொடுத்தான். வேறு யாரும் கொடுக்கவில்லை, அதையும் சொல்லத்தான் வேண்டும். பல் டாக்டர் ஒருவரிடம் பல வருஷம் டோக்கன் கொடுத்து வந்தவள் என்பதால் டாக்டர்கள் எப்படிச் சலித்துக்கொள்வார்கள் என்று அவளுக்குத் தெரியும். அந்தச் சலிப்பை நடிக்க வேண்டிய அவசியமே அவளுக்கு இருந்ததில்லை.

இன்றைக்கு விற்க வேண்டியது, கூரை மடங்குகிற, இரண்டே கதவுள்ள வெள்ளை ஸ்போர்ட்ஸ் கார். பார்த்தால் கண் ஒட்டிக்கொள்ளும். அமெரிக்காவில் ஏதோ ஒரு புயலில் கதவுப்பிடி வரைக்கும் தண்ணீரில் நின்ற வண்டி அது. ராடமேஸ் அதை ஏலத்தில் அடிமாட்டு விலைக்கு எடுத்து, உள்விரிப்பையெல்லாம் மாற்றி, வாரக்கணக்கில் வெயிலில் உலர்த்தி, வாசனை அடித்து வைத்திருந்தான். உள்ளே ஒயர்கள் துருப்பிடித்து ஒவ்வொன்றாகப் போவதற்கு எட்டு மாசமாவது ஆகும், அதற்குள் நம் தலை தப்பிவிடும் என்று ஒருநாள் காப்பி குடிக்கும்போது சொன்னான். காப்பியில் சர்க்கரை போதவில்லை என்று மட்டும் எர்சிலியா சொன்னாள்.

அந்தக் காருக்குத்தான் யோகாஸ்தா வந்து நின்றாள். இது மூன்றாவது வருகை. தன் குட்டி லாரியில் வாழைக்காய் ஏற்றி, ஒலிபெருக்கியில் கூவிக்கொண்டு தெருத்தெருவாக விற்கிறவள். தார் தூக்கித் தூக்கி முதுகு போய்விட்டது. இனி தூக்கினால் படுத்துவிடுவாய் என்று ஆஸ்பத்திரியில் சொல்லிவிட்டார்கள். ஆகவே ஒரு திட்டம் போட்டிருந்தாள். லாரியைக் கொடுத்து, சீட்டு எடுத்த பணத்தையும் மேலே வைத்து, இந்த வெள்ளைக் காரை மாற்றிக்கொள்வது. கல்யாணத்துக்கும், பதினைந்து வயது நிறைகிற பெண்களின் விழாவுக்கும் வாடகைக்கு விடுவது. கூரையை மடித்துவிட்டு, கவுன் அணிந்த பெண்ணை ஏற்றி, மெதுவாக ஊரைச் சுற்றி வருவதற்கு முதுகு வேண்டியதில்லை. கணக்கு சரியான கணக்குதான். கார்தான் சரியில்லை.

அவளும் ஏமாளியில்லை. இதே மாதிரிக் கார்கள் என்ன விலைக்குப் போகின்றன என்று போனில் தேடிப் பார்த்திருந்தாள். ராடமேஸ் சொன்ன விலை அதற்குக் கொஞ்சம்தான் குறைவு. ரொம்பக் குறைத்தால் சந்தேகம் வரும் என்பது அவனுக்குத் தெரியாதா என்ன? மெக்கானிக்கைக் கூட்டி வரலாம் என்றால், ஊரிலுள்ள மெக்கானிக்குகள் எல்லாரும் சனிக்கிழமை ராடமேஸோடு உட்கார்ந்து பீர் குடிக்கிறவர்கள். அதுவும் யோகாஸ்தாவுக்குத் தெரிந்திருந்தது. அதனால் காரை ஒரு சுற்று சுற்றிவந்து, டயரைக் கட்டைவிரலால் அமுக்கிப் பார்த்து, கடைசியில் எர்சிலியாவுக்கு முன்னால் வந்து நின்றாள்.

“டாக்டரம்மா, நீங்க ஒரு சுத்து ஓட்டுங்க. நான் பக்கத்துல உக்காந்துக்கறேன்.”

ராடமேஸின் சிரிப்பு அப்படியே நின்றது. டாக்டரம்மாவுக்கு முழங்கால் வலி, நீயே தாராளமாக ஓட்டிப் பாரேன் என்று குறுக்கே விழுந்தான்.

“நான் ஓட்டினா எனக்கு என்ன தெரியும்? சொந்தக்காரங்க கைதான் சொல்லும். என் லாரிய எடுத்தப்பவும் இப்படித்தான். பழைய ஓனர் பிரேக்க ரெண்டு தரம் மிதிச்சாரு, வாய் மட்டும் ஒண்ணுமில்லன்னு சொல்லிச்சு. பிரேக்க மாத்தித் தரச் சொல்லித்தான் எடுத்தேன், பொழைச்சேன்.”

எர்சிலியா ராடமேஸைப் பார்த்தாள். வேண்டாம் என்று கண்ணால் கெஞ்சினான். அவளுக்கு அலுத்துப்போயிருந்தது. அவனும் அலுத்துப்போயிருந்தான், அந்தக் கோட்டும் அலுத்துப்போயிருந்தது. எதிரே நின்றவள் இடுப்பில் கையை வைத்து வலியை அழுத்திக்கொண்டிருந்த விதத்தைப் பார்க்கச் சகிக்கவில்லை. கதவைச் சாத்திக்கொண்டால் அவன் காதுக்கு எட்டாது என்பது மட்டும்தான் அப்போது தோன்றியது.

“ஓட்டறேன்,” என்றாள்.

உள்ளே உட்கார்ந்து கதவைச் சாத்தினார்கள். வாசனை மூக்கில் ஏறியது. எர்சிலியா ஸ்டியரிங்கின் மேல் இரண்டு கைகளையும் வைத்தாள், வெந்நீர்ப் பாத்திரத்தைத் தொடுவதுபோல. யோகாஸ்தா அந்தக் கைகளையே பார்த்துக்கொண்டிருந்தாள். பார்க்கட்டும், அதற்குத்தானே வந்திருக்கிறாள்.

“எனக்கு ஓட்டத் தெரியாதும்மா. எந்தக் காரும் நான் ஓட்டினதில்ல.”

யோகாஸ்தா திரும்பவில்லை. முன்கண்ணாடிக்கு அப்பால் தன் லாரி நிற்பதைப் பார்த்தபடி இருந்தாள்.

“அப்ப டாக்டரும் இல்ல.”

“இல்ல.”

“காரு?”

“தண்ணியில கெடந்தது. கதவுப்பிடி வரைக்கும்.”

அவள் கத்துவாள், இறங்கிப் போய் ராடமேஸின் சட்டையைப் பிடிப்பாள், இன்று மாலைக்குள் பெட்டியைக் கட்டிக்கொண்டு அறையைக் காலிசெய்ய வேண்டியிருக்கும் என்று எர்சிலியா கணக்குப் போட்டு வைத்திருந்தாள். யோகாஸ்தா மூச்சை மட்டும் விட்டாள். அந்த மூச்சு முடிய ரொம்ப நேரம் ஆனது.

“பேருகூட வெச்சிட்டேன் இதுக்கு,” என்றாள். என்ன பேர் என்று சொல்லவில்லை. பிறகு சந்தையில் விலை கேட்கிற குரலில் கேட்டாள்: “நிஜமா என்னதான் பெறும்?”

“நாலு டயரு. அது மட்டும் புதுசு.”

இதைக் கேட்டு யோகாஸ்தாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்ததில் முதுகு பிடித்துக்கொண்டது. வலியில் கண்ணில் தண்ணீர் வந்தது, இல்லை, வேறு எதனாலோ. எர்சிலியாவுக்கு அவளைத் தொட வேண்டும்போல் இருந்தது. தொட என்ன உரிமை என்று கையை ஸ்டியரிங்கிலேயே வைத்துக்கொண்டாள். வெளியே ராடமேஸ் கண்ணாடியைத் தட்டினான். ஓட்ட வேண்டாம், இஞ்சினை மட்டும் கிளப்பிக் காட்டினால் போதும் என்று சைகை காட்டினான். அவன் நெற்றியில் வியர்வை வழிந்தது.

யோகாஸ்தா அவனைப் பார்த்துத் தலையாட்டிவிட்டு, உதடு அசையாமல் பேசினாள்.

“நீங்க சொன்னதா வெளிய தெரியாது. பணம் பத்தலன்னு சொல்லிட்டுப் போயிடறேன். ஆனா இப்ப ஓட்டாம எறங்கினீங்கன்னா, எங்கிட்ட சொல்லிட்டீங்கன்னு அவனுக்குப் புரிஞ்சிடும். வலது கால் மட்டும் போதும். பிரேக்க மிதிங்க. அந்தப் பொத்தானை அமுக்குங்க. பயப்படாதீங்க, அது சத்தம்தான்.”

இஞ்சின் உறுமியது.

“கியர இழுங்க. இன்னும். அவ்வளவுதான். இப்ப காலை எடுங்க. எதையும் மிதிக்க வேணாம், தானா போகும்.”

போனது. வாழ்க்கையில் முதல்தடவையாக அவள் சொல்லி ஒன்று நகர்ந்தது. வெயிலில் வரிசையாக நின்ற மற்ற கார்களைத் தாண்டி, கழுவுகிற மேடையைத் தாண்டி, நடைவேகத்தில் வெள்ளைக் கார் முற்றத்தைச் சுற்றியது. வளைவில் யோகாஸ்தா சுண்டுவிரலால் ஸ்டியரிங்கைக் கொஞ்சம் திருப்பிக் கொடுத்தாள். அடுத்த வளைவில் கொடுக்கவில்லை. ராடமேஸ் முற்றத்தின் நடுவே நின்று, கார் போகிற பக்கமெல்லாம் திரும்பித் திரும்பிப் பார்த்தான். அண்ணிக்கு ஓட்டத் தெரியாது என்பதை அவனைவிட நன்றாக அறிந்தவன் அந்த ஊரில் யாருமில்லை. வாய் திறந்தபடி இருந்தது.

ஒரு சுற்று முடிந்தது. இரண்டாவதும் முடிந்து, லாரி நிற்கிற இடத்துக்கு வந்தார்கள்.

“போதும்க்கா, நிறுத்துங்க. பிரேக் எதுன்னு தெரியும்ல?”

“தெரியும்,” என்றாள் எர்சிலியா. கால் அதன் பக்கம் போகவில்லை. லாரி பின்னால் போயிற்று. ராடமேஸ் மறுபடி திரும்ப ஆரம்பித்தான்.