மெதுவாக வந்த புகழ்

தடால்!

ஒத்திகைக் கூடமே அதிர்ந்தது. பெரிய முரசு வாசிப்பவர் தன் முறை வருவதற்குள் தூங்கிப்போய், முரசின் மேலேயே சரிந்திருந்தார். இசைக்குழு மொத்தமும் சிரிப்பை அடக்கத் திணறியது. கையில் குச்சியோடு நடுவே நின்று குழுவை வழிநடத்தும் நடத்துநர் மட்டும் சிரிக்கவில்லை.

மேனேஜர் ஓடிவந்தார். "சார், நாளைக்கு ரேடியோவுல நேரடி ஒலிபரப்பு. செய்திக்கு முன்னாடி கச்சேரி முடியணும். இழுத்தீங்கன்னா, அடுத்த வருஷம் உங்களுக்கு இங்க வேலை கிடையாதுன்னு நிர்வாக போர்டுல சொல்லிட்டாங்க."

ஊரைவிட்டு வந்து நடத்துநர் சம்பாதித்த புகழே அவருடைய மெதுவான இசைக்குத்தான். 'இது இசையல்ல, தியானம்' என்று விமர்சகர்கள் உருகினார்கள். மற்றவர்கள் காபி ஆறுவதற்குள் முடிக்கும் பகுதி, இவர் கையில் சாப்பாடே ஆறும்வரை நீளும். இசைக் கல்லூரிகளில் அதற்குத் தனிப் பாடம். இளம் நடத்துநர்கள் மூச்சைப் பிடித்துக்கொண்டு பழகினார்கள்.

இடைவேளையில் நடத்துநர் தன் மைத்துனனைக் காபி மெஷின் பக்கம் தள்ளிக்கொண்டு போனார். மனைவியின் தம்பி, வயலின்களுக்குத் தலைவன். அவன் வில் அசைந்தால்தான் மற்றவர்கள் தொடங்குவார்கள்.

"மாப்ள, என் மானத்தைக் காப்பாத்து. நாளைக்குக் கொஞ்சம் வேகமா வாசிங்கடா."

"நல்லாருக்கே! குச்சி உங்க கையில. வேகமா ஆட்ட வேண்டியதுதானே அத்தான்?"

"எங்க ஆட்டறது? குச்சியை இறக்கினா சத்தமே வர மாட்டேங்குது! முதல் கச்சேரியிலேர்ந்து இப்படித்தான். புது ஊரு, பெரிய வித்வான்கள்... விரட்டினா மரியாதையா இருக்காதேன்னு, சத்தம் வந்தப்புறம்தான் அடுத்த அடியைக் காட்டுவேன்."

மைத்துனன் காபியைச் சட்டையில் கொட்டிக்கொண்டான்.

"அடப்பாவமே! நான் சேர்ந்த அன்னைக்கே பழைய வயலின் தலைவர் காதைக் கடிச்சாரு. 'அவர் பெரிய ஞானி, முந்திடாதே, குச்சி நின்னப்புறம் வாசி'ன்னு. நாங்க உங்களுக்காகத்தானே காத்துட்டிருந்தோம்!"

நடத்துநர் வாய் பிளந்தார். பிறகு முகம் மெல்ல மலர்ந்தது.

"அப்போ நாளைக்கு யாரும் யாருக்காகவும் காத்திருக்க வேண்டாம். சீக்கிரமே முடிச்சிடலாம்!"

"தாராளமா முடிக்கலாம் அத்தான். ஆனா என் பொண்ணு உங்க மெதுவான இசையைத்தான் காலேஜ்ல மூணு வருஷமா ஆராய்ச்சி பண்றா. அவகிட்ட யாரு சொல்றது, நீங்களா நானா?"