மாசிலாமணியின் வயிற்றில் ஒழுகிய சொட்டு

1

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். விழுப்புரத்தில் ஒரு சர்க்கரை கிளினிக்கில் எனக்கு முன்னால் உட்கார்ந்திருந்த புருஷன் பெண்டாட்டி சண்டையிலிருந்து திருடிய கதை இது.

முதல் வரி: ‘திண்டிவனத்தின் மேல் கருமேகங்கள் கவிந்து...’ சே! வெயிலில் மண்டை காய்கிற ஊர் அது. அடித்துவிட்டேன்.

மறுபடி: மாசிலாமணியின் கால் விரலில் புண். ஆறவில்லை. சர்க்கரை இறங்காவிட்டால் விரலை எடுக்கவேண்டியிருக்கும் என்றார் டாக்டர்.

2

மாசிலாமணிக்குத் தினமும் காலையில் வயிற்றில் இன்சுலின் பேனா. குத்தி, பட்டனை அழுத்தி, ஊசியை எடுத்ததும் ஒரு சொட்டு மருந்து வெளியே வந்து தொப்புள் பக்கம் ஓடும். வீணாகிறதே என்று அதை விரலால் தொட்டு, தேங்காய் எண்ணெய் மாதிரி வயிற்றிலேயே தேய்த்துக்கொள்வார். (இது என் கற்பனை இல்லை. கற்பனையாக இருந்தால் பெருமைப்பட்டிருப்பேன்.)

சர்க்கரை இறங்கவே இல்லை. மனைவி அம்சா ஒரே முடிவுக்கு வந்தாள்.

“திருட்டுத்தனமா அதிரசம் துண்றீங்க.”

“மேல்மலையனூர் ஆத்தா சத்தியமா தொடலடி!”

“ஆத்தாவ ஏன் இழுக்கிறீங்க? அவளுக்கு வேற வேல இல்லியா?”

அவர் தொடவில்லை. எழுதுகிற எனக்குத் தெரியும். கட்டியவளே நம்பவில்லையே என்பதுதான் அவருக்குப் புண்ணைவிட வலித்தது.

3

கிளினிக் நர்ஸ் இசைவாணி கேட்டாள்: “பட்டன அழுத்தினப்புறம் ஊசிய உள்ளயே வெச்சிக்கினு பத்து எண்றீங்களாய்யா?”

“எண்றேனே.”

“எங்க, எண்ணிக் காட்டுங்க.”

“லாபம்ரெண்டுமூணுநாலஞ்சாறேழெட்டொம்போபத்து.”

அவள் ஒருமுறை கண் சிமிட்டுவதற்குள் முடிந்துவிட்டது.

[அடிக்குறிப்பு: மாசிலாமணி களத்தில் மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை, அளக்கிறவர். முதல் மரக்காலை ஒன்று என்று சொல்லமாட்டார்கள், லாபம் என்பார்கள். இன்னொன்று: பேனாவில் ஊசியை மாட்டியே வைத்தாலும் மருந்து ஒழுகும். அதை அவர் செய்வதில்லை. பாவம், ஒரு நல்லதாவது சொல்லவேண்டாமா?]

“மெதுவா எண்ணுங்கய்யா. மருந்து உள்ள எறங்கணுமில்ல?”

“அது முடியாதும்மா. நடுவுல நின்னு நின்னு எண்ணினா, அளக்கறவன் தில்லுமுல்லு பண்றான்னு அர்த்தம். இத்தினி வருசமா எம்மேல ஒரு சொல் இல்ல.”

இங்கே நான் குறுக்கிட்டேன். ஐயா, விரல் போய்விடும், கொஞ்சம் விட்டு எண்ணுங்கள் என்றேன்.

“நீ எழுதற வேலயப் பாரு,” என்றார். இந்த ஆளையே அடித்துவிட்டு வேறொருவரை... வேண்டாம். வேறு யாருக்கு இந்தப் பிடிவாதம் வரும்?

4

முடிவு ஒன்று: விரல் போகிறது. [மனசு வரவில்லை.]

முடிவு இரண்டு: செல்போனில் அலாரம் வைக்கிறார்கள். [போங்க, இதுக்கு ஒரு கதையா?]

முடிவு மூன்று: அம்சா எண்ணுகிறாள்.

“ஒண்ணு. ரெண்டு. அன்னிக்கி எங்க அண்ணன் வூட்டுக் கல்யாணத்துல லட்டுத் தட்டுப் பக்கம் ஏன் போனீங்க? மூணு. பேசாதீங்க, பொய்தான் வரும். நாலு...”

பத்து வருவதற்குள் அடுப்பில் பால் பொங்கி வழிந்து அடுப்பே அணைந்துவிட்டது. ஊசியை எடுத்தபோது ஒரு சொட்டுகூட ஒழுகவில்லை.

தினமும் திட்டு, தினமும் ஊசி. சர்க்கரை இறங்கியது. புண் ஓரத்தில் காய ஆரம்பித்தது.

5

அங்கேயே முற்றும் போட்டிருக்கலாம். புத்தி கெட்டு இன்று காலையையும் எழுதிவிட்டேன். ஏழு சொன்ன அம்சா நிறுத்தினாள்.

“ஏங்க, மருந்து ஒழுகினதாலதான் சக்கர ஏறிச்சின்னு அந்த நர்ஸ் பொண்ணு சொல்லுது. அப்ப நீங்க நெசமாவே எதயும் துண்ணலியா?”

இந்தக் கேள்விக்காகத்தான் மனுஷர் ஏங்கிக் கிடந்தார். “இல்லடி” என்றால் போதும், மானம் திரும்பிவிடும். ஆனால் அம்சாவுக்குத் திட்ட விஷயமும் தீர்ந்துவிடும். நாளைக்கு அவளும் படபடவென்று பத்து எண்ணிவிட்டு வேலையைப் பார்க்கப் போய்விடுவாள். விரலோ இன்னும் முழுசாக ஆறவில்லை.

மாசிலாமணி என்னைப் பார்த்தார். நான் தலையைக் குனிந்துகொண்டேன். இப்போது உங்களைப் பார்க்கிறார். அம்சாவுக்குக் கண் கலங்கிவிட்டது. அவர் என்ன பதில் சொல்லட்டும், நீங்களே சொல்லிவிடுங்கள். அவசரமில்லை, ஊசி இன்னும் உள்ளேதான் இருக்கிறது.