சும்மா கிடந்த நிலத்தில் சோளம்

ஆடின காலும் பாடின வாயும் சும்மா இருக்காது என்பார்கள். உழுத கையும் அந்த ரகம்தான் என்பது அன்று காலைதான் அவளுக்குத் தெரிந்தது.

மோட்டார் அறைக்குப் பின்னால், பாதையிலிருந்து பார்த்தால் தெரியாத பள்ளத்தில், முழங்கால் உயரத்துக்குச் சோளம் செழித்து நின்றது.

ஒரு போகம் எதுவும் விதைக்காமல் நிலத்தைச் சும்மா போட்டால் அரசாங்கம் மானியம் தருகிறது. நிலம் இளைப்பாற வேண்டுமாம். கருகிப்போன மோட்டாருக்குப் பதில் புதுசு வாங்க அந்தப் பணத்தைத்தான் அவள் நம்பியிருந்தாள். வராவிட்டால் அடுத்த போகத்துக்கு வானத்தைப் பார்த்துக்கொண்டு உட்கார வேண்டியதுதான். வேளாண்மை அதிகாரி இன்றைக்கு நிலத்தைப் பார்க்க வருகிறார். பயிர் என்று ஒன்று கண்ணில் பட்டால் மானியம் போச்சு.

"ஏங்க, என்ன இது?"

கணவர் சோளத்தைப் பார்த்தார். "தானா முளைச்சிருக்கும்."

"தானா முளைச்சது வரிசை பிடிச்சு நிக்குமா? தண்ணி எங்க இருந்து வந்துச்சு?"

"குடத்துல."

"இடுப்பு வலின்னு தைலம் தேய்க்கச் சொன்னது இதுக்குத்தானா?"

அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. வேலையில்லாமல் வீட்டில் இருந்த இத்தனை நாளில் அவர் சத்தமே போடாத கதவுக்கெல்லாம் எண்ணெய் விட்டார், வெங்காயம் நறுக்க அவளுக்கே பாடம் எடுத்தார். மோட்டாருக்காக எல்லாவற்றையும் பல்லைக் கடித்துக்கொண்டு பொறுத்தவள் அவள்.

போன் அடித்தது. எதிர்வீட்டுக்காரி. "அதிகாரி பைக்கு பாலம் தாண்டிருச்சு."

"பிடுங்குங்க" என்றாள் கணவரிடம்.

இருவரும் விழுந்தடித்துக்கொண்டு பிடுங்கினார்கள். அவள் அள்ளி அள்ளி மாட்டுத் தொழுவத்துக்கு ஓடினாள். மாட்டுக்கு யோகம். மூச்சு வாங்கத் திரும்பி வந்தால், மனிதர் ஒரு செடியைக் கையில் வைத்துக்கொண்டு நிற்கிறார்.

"வேரைப் பாரேன். குடத்துத் தண்ணிக்கே எப்படிப் பிடிச்சிருக்கு. இந்தப் பள்ளத்து மண்ணு பொன்னு. மோட்டார் மட்டும் வரட்டும், மேட்டுல கடலை, இங்க சோளம், நடுவுல..."

அவர் இவ்வளவு பேசிக் கேட்டு எத்தனை மாதமாயிற்று! அவள் மனசு என்னவோ செய்தது. "அப்புறம் பேசலாம், குனிங்க" என்று மட்டும் சொன்னாள். குரலில் பழைய சூடு இல்லை.

கடைசிக் கத்தையைத் தொழுவத்தில் போடவும் பைக் வாசலில் நிற்கவும் சரியாக இருந்தது.

அதிகாரி நிலத்தைச் சுற்றி வந்தார். பள்ளத்தில் நின்றார். "இங்க மட்டும் மண்ணு புதுசா கிளறியிருக்கே?"

"காட்டுப் பன்னி சார்" என்றார் கணவர்.

"ரெண்டு கால் பன்னி" என்று அவள் வாய் முந்திக்கொண்டது. சொன்ன பிறகுதான் நாக்கைக் கடித்துக்கொண்டாள்.

அதிகாரி தொழுவத்தைப் பார்த்தார். மாடு, வாயில் சோளத் தோகை தொங்க, நிதானமாக அவரைப் பார்த்தது. அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

"நான் பார்க்கும்போது நிலத்துல பயிர் இல்ல. அதைத்தான் நான் எழுத முடியும். பணம் வந்துரும்மா."

அவளுக்குக் கால் தரையில் நிற்கவில்லை. மோட்டார் இப்போதே தண்ணீரைக் கொட்டுவது போல இருந்தது.

அதிகாரி பையிலிருந்து இன்னொரு தாளை எடுத்தார். "இன்னும் மூணு வருஷம் இப்படியே சும்மா போடுறீங்களா? விளைச்சல்ல வர்றதைவிட அதிகமாவே கிடைக்கும். கையெழுத்து மட்டும் போடுங்க."

நேற்றென்றால் பேனாவைப் பிடுங்கியிருப்பாள். கணவர் மண் அப்பிய கையை மெதுவாகச் சட்டையில் துடைத்துவிட்டு, பேனாவுக்காக நீட்டினார்.

அவள் அந்தக் கையைப் பிடித்து இறக்கினாள்.

"மோட்டாருக்குப் பணம் வருதில்ல, அது போதும் சார். இவரை மூணு வருஷம் உக்கார வச்சுட்டா, அப்புறம் அந்த மோட்டாரைப் போட எனக்கு ஆள் இருக்காது."